சிறுவிடையா, கிராஸா? அய்யலூர் சந்தையில் நாட்டுக்கோழி வாங்கப் போறீங்களா... இதைப் படிச்சிட்டுப் போங்க!

திருச்சியிலிருந்து திண்டுக்கல் போகும் நான்குவழிச் சாலையில், வடமதுரைக்கு முன்னால் வருகிறது அய்யலூர். ஒரு பக்கம் ரயில் தண்டவாளம், தூரத்தில் கடவூர் மலைத்தொடர். கரூர், திண்டுக்கல் மாவட்டக் காடுகளைச் சேர்த்து 2022-ல் அறிவிக்கப்பட்ட கடவூர் தேவாங்கு சரணாலயம் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. ஆனால், வியாழக்கிழமை விடியற்காலையில் இங்கே வந்து இறங்குபவர்கள் தேவாங்கைப் பார்க்க வருவதில்லை. ஆடு, கோழி, கட்டுச்சேவல். இந்த மூன்றுக்கும் அய்யலூர் வாரச்சந்தை பெயர் பெற்றது.

பொழுது விடிவதற்கு முன்பே வண்டிகள் வந்து நிற்கத் தொடங்கிவிடும். மினி லாரியில் வெள்ளாடுகள், டி.வி.எஸ் எக்ஸெல் வண்டியின் இரு பக்கமும் கூடைகளில் கோழிகள், பையிலிருந்து தலையை மட்டும் நீட்டி உலகத்தைப் பார்க்கும் சேவல்கள். வாங்குபவர் கையில் ஒரு டார்ச் அல்லது செல்போன் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் கண்ணைப் பார்ப்பார்கள், காலைப் பார்ப்பார்கள், தூக்கி எடை பார்ப்பார்கள். பொங்கல், தீபாவளி, ஆடி மாதத்துக்கு முந்தைய வியாழன் என்றால் நடக்கவே இடம் இருக்காது.

கூட்டத்தில் திரும்பத் திரும்பக் காதில் விழும் ஒரு வார்த்தை உண்டு. 'ஒரிஜினல் நாட்டுக்கோழி!'

அந்த 'ஒரிஜினல்' என்ற வார்த்தையில்தான் எல்லாச் சிக்கலும் தொடங்குகிறது.

நாட்டுக்கோழி என்பது ஓர் இனமா?

இல்லை. 'நாட்டுக்கோழி' என்பது பொதுப்பெயர். தலைமுறை தலைமுறையாக நம் ஊர்க் குப்பைமேட்டைக் கிளறி வளர்ந்த கோழிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த பெயர். அதற்குள் பல வகை உண்டு. சிறிய உடம்பும் சுறுசுறுப்புமாக, குஞ்சைக் காப்பாற்றப் பருந்தையே எதிர்க்கும் கோழியைச் சிறுவிடை என்கிறார்கள். உயரமும் எடையும் கூடிய, சண்டைச்சேவல் வழி வந்த கோழி பெருவிடை. இந்தியா முழுக்க அசீல் என்று அறியப்படும் இனத்தோடு உறவுடையது பெருவிடை.

சந்தையில் காகம், வல்லூறு, கீரி, மயில், நூலான் என்றெல்லாம் பெயர் சொல்வார்கள். புதிதாக வாங்குபவர்கள் இவற்றைத் தனித்தனி இனம் என்று நினைத்துக்கொள்வதுண்டு. இவை இறகின் நிறத்தை வைத்துச் சொல்லும் பெயர்கள். ஒரே பெட்டையின் ஓர் ஈட்டுக் குஞ்சுகளிலேயே இரண்டு மூன்று நிறம் வரலாம். அதனால் 'காகம் என்பது அபூர்வ இனம்' என்று யாராவது விலை ஏற்றினால், கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இன்னொரு பக்கம், ஆராய்ச்சி நிலையங்களில் உருவான புறக்கடைக் கோழிகள் இருக்கின்றன. ஹைதராபாத் ராஜேந்திர நகரில் உள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கியவை வனராஜா, கிராமப்பிரியா, ஸ்ரீநிதி. பெங்களூருவில் உருவானது கிரிராஜா. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் பங்குக்கு 'நாமக்கல் கோழி-1' இருக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் வளர்த்தெடுத்த தனுவாஸ் அசீலும் உண்டு. வங்கதேசத்தில் ரோட் ஐலண்ட் ரெட் சேவலையும், எகிப்தின் ஃபயூமி பெட்டையையும் இணைத்து உருவாக்கிய சோனாலியும் இப்போது இந்தியச் சந்தைகளுக்கு வந்துவிட்டது.

இவை எல்லாமே பல நிற இறகு கொண்டவை. பழுப்பு முட்டை இடுபவையும் உண்டு. முற்றத்தில் விட்டால் மேயும். பார்வைக்கு நாட்டுக்கோழி மாதிரியே இருக்கும். கூண்டில் ஒன்றாகக் கலந்து வைத்தால், பழக்கமில்லாத கண்ணுக்கு வித்தியாசம் தெரியவே தெரியாது. விவரம் தெரிந்த வியாபாரிகளே இவற்றைப் 'பண்ணை நாட்டுக்கோழி', 'கிராஸ்' என்று பிரித்துத்தான் சொல்வார்கள். அந்தப் பிரிவைச் சொல்லாமல், சிறுவிடை விலைக்கே கிராஸைத் தள்ளிவிடும்போதுதான் வாங்கியவர் ஏமாறுகிறார்.

பேர் மாறினால் என்ன நஷ்டம்?

'எந்தக் கோழியா இருந்தா என்ன, முட்டை போட்டா சரி' என்று தோன்றலாம். குழுக்கடன் வாங்கி 10 கோழி வாங்கும் ஒரு பெண்ணின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் நஷ்டம் புரியும்.

சிறுவிடைப் பெட்டை ஓர் ஈட்டுக்கு 10 முதல் 15 முட்டை இடும். பிறகு அடையில் உட்காரும். 21 நாளில் குஞ்சு பொரிக்கும். அந்தக் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரிந்து, கொத்தித் தின்னக் கற்றுக்கொடுத்து வளர்த்து விடும். வருடத்துக்கு மூன்று நான்கு ஈடு. மொத்த முட்டை குறைவுதான். ஆனால் இன்குபேட்டர் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். 10 கோழி ஒரு வருடத்தில் ஒரு சிறு மந்தையாகப் பெருகும். அந்தக் குடும்பம் எதிர்பார்ப்பது இந்தப் பெருக்கத்தைத்தான். ஆடி மாதக் கோயில் செலவுக்கு இரண்டு சேவல், பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு நான்கு கோழி என்று மனதுக்குள்ளேயே பங்கு பிரித்து வைத்திருப்பார்கள்.

அந்த இடத்தில் கிராமப்பிரியா போன்ற முட்டை ரகம் வந்து சேர்ந்தால்? முட்டை நிறையவே கிடைக்கும். நாட்டுக்கோழியைப் போல இரண்டு மடங்கு கூடக் கிடைக்கலாம். ஆனால், அதிக முட்டைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ரகங்களில் அடை உட்காரும் குணம் பெரும்பாலும் போய்விடும். முட்டையை அப்படியே விட்டுவிட்டு மேயப் போய்விடும். வேறு கோழியைப் பிடித்து அடை வைத்துக் குஞ்சு எடுத்தாலும், அது தாயைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு வழிகளைச் சேர்த்து உருவாக்கிய கலப்பினத்தின் அடுத்த தலைமுறையில் குணங்கள் கலைந்து வரும். ஒன்று பெருக்கும், ஒன்று சிறுக்கும், முட்டையும் குறையும்.

உருவமும் முக்கியம். வனராஜா மாதிரி எடை கூடிய கோழி மெதுவாக ஓடும், அதிகம் பறக்காது. நாய், கீரிப்பிள்ளை, பருந்து நடமாடும் தோட்டத்தில் இரவு மரமேறித் தப்பிக்கும் சிறுவிடையின் சாமர்த்தியம் அதற்கு வராது. சரியான கூண்டு இல்லாத வீட்டில் ஒரே மாதத்தில் பாதிக் கோழி காணாமல் போகும்.

எதிர்ப்பக்க ஏமாற்றமும் உண்டு. வீட்டுக்குத் தினமும் நாலு முட்டை வேண்டும் என்று ஐந்து சிறுவிடை வாங்கியவருக்கு, ஒரே நேரத்தில் மூன்று கோழி அடையில் உட்கார்ந்தால் கோபம்தான் வரும். அவருக்கு நாமக்கல் கோழியோ கிராமப்பிரியாவோதான் பொருத்தம். ஆக, இதில் கெட்ட கோழி என்று எதுவும் இல்லை. உங்கள் தேவை என்ன, கையில் வருவது எது என்பது பொருந்த வேண்டும். பெயர் சரியாகத் தெரிந்தால்தான் அது பொருந்தும்.

கையில் எடுத்ததும் என்ன பார்க்கணும்?

சந்தையில் பேரம் பேசுவதற்கு முன், ஐந்து நிமிடம் கோழியைப் பாருங்கள்.

அலகு: மூக்கு நுனி மழுங்கி வெட்டுப்பட்டது போல இருந்தால், அது பண்ணையில் வளர்ந்த கோழி என்பதற்கான வலுவான அடையாளம். கூட்டமாக வளர்க்கும்போது ஒன்றையொன்று கொத்தாமல் இருக்கக் குஞ்சுப் பருவத்திலேயே அலகு நுனியை வெட்டுவார்கள். வீட்டு முற்றத்தில் வளர்ந்த கோழிக்கு அந்த வேலையை யாரும் செய்வதில்லை. முட்டையிட்டு ஓய்ந்த பழுப்பு நிற லேயர் கோழிகள் 'நாட்டுக்கோழி' என்று கை மாறும்போது, காட்டிக்கொடுப்பது இந்த மூக்குதான்.

கொண்டை, தாடி: அசீல் வழிப் பெருவிடைக்குக் கொண்டை சிறிதாக, தலையோடு ஒட்டி இருக்கும். தாடி மிகச் சிறியது, சிலவற்றில் இல்லாதது போலவே தோன்றும். கழுத்தும் காலும் நீளம், நெஞ்சு அகலம், வால் தாழ்ந்து இருக்கும். 'பெருவிடை' என்று சொல்லிக் கொடுக்கும் கோழியின் தலையில் பெரிய சிவந்த கொண்டை பல் பல்லாக நிமிர்ந்து நின்றால், உள்ளே வேறு ரத்தம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.

கால்: இளம் கோழியின் கால் செதில் வழுவழுப்பாகப் பளபளக்கும். வயதானதன் செதில் தடித்துச் சொரசொரப்பாக இருக்கும். சேவலில் முள் நீளத்தைப் பார்த்தும் வயதைக் கணிக்கலாம். மஞ்சள் கால் கோழி நீண்ட நாள் முட்டையிட்டிருந்தால், அந்த மஞ்சள் வெளுத்துப்போகும். 'இன்னும் முட்டையே வைக்காத வெடக்கோழி' என்று விற்கும் கோழியின் கால் வெளுத்திருந்தால் கணக்கு இடிக்கிறது.

இடுப்பெலும்பு: கோழியின் பின்பக்கத்தில் விரலை வைத்தால் இரண்டு மெல்லிய எலும்பு நுனிகள் தட்டுப்படும். இடையில் இரண்டு மூன்று விரல் இடைவெளி இருந்தால் முட்டையிடும் கோழி. ஒரு விரல் கூட நுழையவில்லை என்றால், முட்டை வைக்க இன்னும் நாளாகும் அல்லது முட்டை நின்றுவிட்டது.

உடல்நலம்: கண் தெளிவாக இருக்க வேண்டும், மூக்கில் சளி கூடாது, ஆசனவாய் சுத்தமாக இருக்க வேண்டும். மூச்சில் சத்தம், இறகு சிலிர்த்து ஒதுங்கி நிற்பது, வெள்ளை அல்லது பச்சைக் கழிச்சல், கொண்டையில் அம்மைக் கொப்புளம்... இதில் எது இருந்தாலும், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

கடைசியாக ஒரு கேள்வி. "அண்ணே, இது அடை உக்காருமா?" என்று கேட்டால், "தாராளமா உக்காரும் தாயி" என்றுதான் யாரும் சொல்வார்கள். அதற்குப் பதிலாக, "இதோட குஞ்சு இருக்கா?" என்று கேளுங்கள். தாயும் குஞ்சுமாக வாங்கினால் அடை உட்கார்ந்த கோழி என்பதற்கு அத்தாட்சி கூடவே வந்துவிடும். விலை கொஞ்சம் கூடினாலும் பாதகமில்லை. அந்தக் குஞ்சுகள் அந்தத் தாயை ஒட்டி நடக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கருங்கோழி, கிளிமூக்கு: விலை ஏற ஏற உஷார்!

மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதியில் பில், பிலாலா பழங்குடி மக்கள் வளர்த்து வந்த கோழி, கடக்நாத். 2018-ல் புவிசார் குறியீடு கிடைத்ததும் நாடு முழுக்கப் பிரபலமாகிவிட்டது. தமிழ்நாட்டில் அதற்குக் 'கருங்கோழி' என்று பெயர். ஆனால் கறுப்பு இறகு இருப்பதெல்லாம் கடக்நாத் ஆகிவிடாது. தோல், அலகு, நாக்கு, கால், இறைச்சி என எல்லாவற்றிலும் கருமை ஓடும். கொண்டையும் கருஞ்சிவப்பாக, ஊதா கலந்தது போல இருக்கும். வாயைத் திறந்து நாக்கைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். நாக்கு இளஞ்சிவப்பாக இருந்தால் பேரத்தை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

'கடக்நாத் முட்டையும் கறுப்பாக இருக்கும்' என்று சொல்லி யாராவது விற்றால் அது சுத்தக் கதை. அதன் முட்டை வெளிர் பழுப்பு நிறம்தான். சாயம் ஏற்றிய முட்டையை ஈரத்துணியால் தேய்த்தால் துணியில் ஒட்டிக்கொள்ளும்.

திண்டுக்கல் பக்கம் இன்னொரு மோகம், கிளிமூக்கு விசிறிவால் சேவல். கிளியைப் போல வளைந்த மூக்கு, மயிலைப் போல விரிந்த வால். இவற்றுக்கென்றே திண்டுக்கல்லில் கண்காட்சிகள் நடந்திருக்கின்றன. நல்ல சேவலுக்கு லட்சத்தில் விலை பேசுவார்கள். அதனாலேயே 'அந்தச் சேவலோட குஞ்சு' என்று சொல்லி விற்பவர்களும் பெருகிவிட்டார்கள். சின்னக் குஞ்சில் மூக்கின் வளைவையோ வாலின் விரிவையோ முழுதாகக் கணிக்க முடியாது. தாய், தகப்பன் இரண்டையும் நேரில் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் வீடியோவை நம்பி முன்பணம் அனுப்புவது, முகம் தெரியாதவருக்கு மொய் எழுதுவது போலத்தான்.

பிங்க் குஞ்சும் பச்சைக் குஞ்சும்

திருவிழாவில், பள்ளி வாசலில் பிங்க், பச்சை, மஞ்சள் நிறத்தில் கீச்சிடும் குஞ்சுகளைப் பார்த்ததும் பிள்ளைகள் கையை இழுக்கும். அவை பெரும்பாலும் லேயர் குஞ்சுப் பொரிப்பகங்களில் தேவையில்லை என்று ஒதுக்கப்பட்ட சேவல் குஞ்சுகள். முட்டை வைக்காது, இறைச்சிக்கும் வேகமாக வளராது. அதனால் சாயம் ஏற்றி அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். வெப்பம் தராமல், தடுப்பூசி போடாமல் கூடையில் அடைத்து வருவதால் பல குஞ்சுகள் வீட்டுக்கு வந்த சில நாளிலேயே இறந்துவிடும். மறுநாள் காலை பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதுதான் கொடுமை.

ஒரு நாள் குஞ்சில் பெட்டை எது, சேவல் எது என்று பார்த்துச் சொல்வதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். நாட்டுக்கோழிக் குஞ்சு விற்பவர் 'எல்லாம் பெட்டைதான்' என்று உறுதி சொன்னால், அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பாதிக்குப் பாதி சேவல் வரும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவதே நடைமுறை.

நம்பி எங்கே வாங்கலாம்?

அய்யலூரிலிருந்து வடக்கே போனால் கரூர் தாண்டி நாமக்கல். முட்டைக்குப் பெயர்போன ஊர். 1985-ல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி இங்கே இருக்கிறது. சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு மாதவரம், காட்டுப்பாக்கம் ஆகிய இடங்களில் அதே பல்கலைக்கழகத்தின் நிலையங்கள் உள்ளன. ஓசூர் மத்திகிரியில் உள்ள அரசு மாவட்டக் கால்நடைப் பண்ணை 1824-ல் தொடங்கப்பட்டது. அரசின் நாட்டுக்கோழிப் பண்ணை மானியத் திட்டத்துக்கு நான்கு வாரக் குஞ்சுகள் அங்கிருந்தே வழங்கப்பட்டிருக்கின்றன.

இங்கெல்லாம் நினைத்த நாளில் போய்க் குஞ்சை வாங்கிவிட முடியாது. முன்பதிவு செய்து காத்திருக்க வேண்டிவரும். போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலும், ஊர்க் கால்நடை மருந்தகத்திலும் விசாரித்தால் அருகில் எங்கே குஞ்சு கிடைக்கும் என்று வழி சொல்வார்கள். பயிற்சி வகுப்பு நடக்கும் நாளையும் அப்படியே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

தனியார் பண்ணையில் வாங்கினால் கேட்க வேண்டியவை இவை:

* தாய்க்கோழி மந்தையைக் காட்ட முடியுமா?
* இது சிறுவிடையா, கிராஸா? கிராஸ் என்றால் எந்த ரகம்?
* எத்தனை நாள் குஞ்சு? என்னென்ன தடுப்பூசி, எந்தத் தேதியில் போட்டது?
* ரகத்தின் பெயரைப் பில்லில் எழுதித் தருவீர்களா?

கடைசிக் கேள்விக்கு வரும் பதிலிலேயே பண்ணையின் லட்சணம் தெரிந்துவிடும். ரகத்தின் பெயரை எழுதித் தரத் தயங்காதவர் நாளை ஏதாவது பிரச்னை என்றாலும் போனை எடுப்பார்.

'குஞ்சு தருகிறோம், தீவனம் தருகிறோம், மாதாமாதம் பணம் தருகிறோம், நீங்கள் முதலீடு மட்டும் போடுங்கள்' என்று யாராவது வந்தால் இரண்டடி தள்ளி நில்லுங்கள். 2012-ல் கொங்கு மண்டலத்தில் ஈமு கோழியை நம்பிப் பணம் போட்டவர்கள் பட்ட பாட்டைத் தமிழ்நாடு இன்னும் மறக்கவில்லை.

எல்லாவற்றையும் விட எளிய வழி ஒன்று உண்டு. உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ வருடக்கணக்காகக் கோழி வளர்க்கும் பாட்டி ஒருவர் இருப்பார். அவர் வீட்டுப் பஞ்சாரத்தில் அடைபட்டிருக்கும் கோழியின் தாய், பாட்டி வரை அவருக்கு அத்துப்படி. அந்த ஊர்த் தண்ணீருக்கும் வெயிலுக்கும் பழகிய கோழி அது. அங்கே நாலு வெடக்கோழியும், உறவில்லாத வேறொரு வீட்டிலிருந்து ஒரு சேவலும் வாங்கினால் நல்ல தொடக்கம்.

வீட்டுக்கு வந்த பிறகு...

சந்தையில் வாங்கிய கோழியை அன்றைக்கே பழைய கோழிகளோடு விடாதீர்கள். பல ஊர்க் கோழிகள் ஒன்றாக நின்ற இடம் அது. இரண்டு மூன்று வாரம் தனியாக அடைத்து வைத்து, கழிச்சல் இருக்கிறதா, தீவனம் எடுக்கிறதா என்று பார்த்த பிறகு சேர்க்கலாம். ஒரே இரவில் மந்தையையே காலி செய்யும் வெள்ளைக்கழிச்சல் பெரும்பாலும் இப்படிப் புதிதாக வரும் கோழியோடுதான் வீட்டுக்குள் நுழைகிறது.

அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. சாதாரணமாக முதல் வாரத்தில் சொட்டு மருந்து, நான்காவது வாரத்தில் மீண்டும் ஒரு முறை, எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி என்ற வரிசையில் போடுவார்கள். உங்கள் கோழியின் வயதைச் சொல்லி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதங்களில் கிராமங்களில் இலவச முகாமும் நடத்துகிறது.

கொண்டு வரும்போதும் கவனம் வேண்டும். காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு வண்டியில் எடுத்து வந்தால், கோழி மிரண்டு பல நாள் முட்டையை நிறுத்திவிடும். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியோ மூங்கில் கூடையோ போதும். வெயில் ஏறுவதற்குள் வீடு சேர்ந்து, நிழலில் வைத்து முதலில் தண்ணீர் காட்டுங்கள்.

அய்யலூருக்கு எப்படிப் போவது?

சந்தை நாள் வியாழக்கிழமை. திருச்சி - திண்டுக்கல் சாலையில், திண்டுக்கல்லிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். பஸ்ஸில் போவதாக இருந்தால், அய்யலூரில் நிற்குமா என்று கேட்டு ஏறுங்கள். விடியற்காலையிலேயே அங்கே இருப்பது நல்லது. நல்ல கோழிகள் முதலில் கை மாறிவிடும். சும்மா சுற்றிப் பார்க்கப் போகிறவர்களும் போகலாம். முதல் வியாழன் எதையும் வாங்காமல் வேடிக்கை மட்டும் பாருங்கள். யார் எந்தக் கோழியை எப்படித் தூக்கிப் பார்க்கிறார்கள், எதைக் கீழே வைத்துவிட்டுப் போகிறார்கள் என்று கவனித்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும். பணத்தை அடுத்த வியாழனுக்கு எடுத்துப் போகலாம்.